கால் எடுத்தும் வண்டி இழுக்கிறதா? மின்சார காரில் ஆக்சிலரேட்டர் சிக்கினால் செய்ய வேண்டியவை

முதலில் பிரேக். அதுவும் பாதியாக அல்ல, ஒரே மூச்சில் முழுசாக. பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே நியூட்ரல். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். நேரமில்லாதவர்கள் இந்த நாலு வரியோடு நிறுத்திக்கொண்டாலும் போதும். மீதி, இது ஏன் வேலை செய்கிறது, எங்கே தடுமாறுவோம், வண்டி நின்ற பிறகு எதைத் தேடுவது என்பதைப் பற்றியது.

ஓடும்போது

1. பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்து அப்படியே பிடியுங்கள். போதவில்லை என்று தோன்றினால் இரண்டு காலும் போடலாம். விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.
2. பிரேக்கில் கால் இருக்கும்போதே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். லீவரையோ பொத்தானையோ தட்டிவிட்டு விடாமல், டேஷ்போர்டில் 'என்' எழுத்து வரும்வரை பிடித்திருங்கள்.
3. கண் சாலையில் இருக்கட்டும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு ஓரம் கட்டுங்கள்.
4. முழுசாக நின்ற பிறகு பார்க், ஹேண்ட் பிரேக், பிறகு பவர் ஆஃப். இந்த வரிசையில்.

செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: ஓடும் வண்டியில் குனிந்து, பெடலில் சிக்கிய மேட்டை (காலடி விரிப்பை) கையால் இழுப்பது. குனிந்த நொடியில் சாலையும் தெரியாது, பிரேக்கில் கால் அழுத்தமும் குறையும். ஒரு கால் பிரேக்கிலேயே இருக்க, உட்கார்ந்த நிலையிலிருந்தே மற்றக் காலின் ஷூ நுனியை ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே நெம்ப முடிந்தால் ஒருமுறை செய்து பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அந்தக் காலும் பிரேக்குக்குத் திரும்பட்டும்.

பிரேக் மோட்டாரை வெல்லுமா?

மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசையைத் தரும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பதால், பிரேக் தாங்காது என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும். 1,800 கிலோ எடையுள்ள கார், 300 நியூட்டன் மீட்டர் மோட்டார், கியர் விகிதம் 9.5, சக்கர ஆரம் 32 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சக்கரத்தில் தரும் தள்ளுவிசை சுமார் 8,900 நியூட்டன். உலர்ந்த சாலையில் நல்ல டயரோடு பிரேக் தரக்கூடிய பிடிவிசை சுமார் 17,600 நியூட்டன். ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகம் கூடக் கூட மோட்டாரின் தள்ளுவிசை குறைந்துகொண்டே போகும். பிரேக்கின் பக்கம் இன்னும் சாயும். இரண்டு மோட்டார் உள்ள அதிசக்தி மாடல்களில் இந்த இடைவெளி சுருங்கும் என்பது உண்மைதான். அவற்றில் நியூட்ரல் இன்னும் அவசியம்.

போதாததற்கு, இன்றைய பெரும்பாலான கார்களில் இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அழுந்தினால் பிரேக் சொல்வதையே கணினி கேட்கும். மோட்டாருக்குப் போகும் கட்டளையை வெட்டிவிடும். இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சில கார்களில் ஆக்சிலரேட்டர் முதலில் அழுந்தி அதன்மேல் பிரேக் விழுந்தால்தான் இது செயல்படும். பிரேக்கில் கால் இருக்கும்போது ஆக்சிலரேட்டர் அழுந்தினால், ஏற்றத்தில் வண்டி எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடும்.

முழுசாக மிதியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் சூடு. 100 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 7 லட்சம் ஜூல். பிரேக்கை அரைகுறையாக மிதித்துக்கொண்டு, வேகம் கூடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு 10 விநாடி ஓட்டினால், 100 கிலோவாட் மோட்டார் அந்த நேரத்தில் 10 லட்சம் ஜூலை டிஸ்க்கில் கொட்டிவிடும். ஒருமுறை முழுசாக நிறுத்துவதைவிட அதிகச் சூடு, வண்டியின் வேகம் கொஞ்சம்கூடக் குறையாமலே. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடி போய்விடும். அதற்குப் பிறகு முழுசாக மிதித்தும் பயனில்லை.

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ அருகே நடந்த லெக்சஸ் ஈஎஸ் 350 விபத்தில் இது எல்லாமே ஒன்றுசேர்ந்தது. அது பெட்ரோல் கார். ஆனால் பாடம் ஒன்றேதான். வேறு மாடலுக்கான ரப்பர் மேட் பெடலைப் பிடித்துக்கொண்டது, பிரேக் நெடுநேரம் இழுபட்டுக் கருகியிருந்தது, ஸ்டார்ட் பொத்தானோ ஓடும்போது 3 விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும் வகை. நான்கு பேர் இறந்தார்கள்.

பெட்ரோல் காரில் விட்டு விட்டு மிதித்தால் பிரேக் பூஸ்டரின் (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் கருவியின்) வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். மின்சார காரில் பூஸ்டருக்குத் தனி மின் பம்போ மோட்டாரோ இருப்பதால் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் மோட்டாருக்கு வழிவிடுகிறீர்கள்.

நியூட்ரல், உங்கள் காரில் எங்கே இருக்கிறது?

பெட்ரோல் காரில் நியூட்ரல் போட்டால் எஞ்சின் அலறும். இங்கே எதுவும் கேட்காது. மின்சார காரில் கிளட்ச் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் நியூட்ரலிலும் மோட்டார் சக்கரத்தோடு பிணைந்தேதான் சுற்றும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் மட்டும் 'விசை வேண்டாம்' என்று நிறுத்திக்கொள்ளும். மோட்டாருக்கு ஒரு சேதமும் இல்லை, தயங்காமல் போடலாம். ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள்: நியூட்ரலில் ரீஜென் பிடிப்பும் (ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போய்விடும். வண்டியை நிறுத்துவது முழுக்க உங்கள் வலது காலின் வேலை.

நியூட்ரல் போடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கியர் மாற்றும் கருவி ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு மாதிரி. பழைய மாதிரி லீவரில் 'டி'யிலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் 'என்'. சும்மா தட்டினால் நடுவுக்குத் திரும்பிவிடும் மின்னணு லீவர்களில் சுமார் ஒரு விநாடி பிடித்திருக்க வேண்டும். கை பட்டு மாறிவிடக்கூடாது என்பதற்காக வைத்த தாமதம் அது, பதற்றத்தில் தட்டித் தட்டி விடுபவருக்கு எதிரியாகிவிடும். திருகுக் குமிழ், ஸ்டீயரிங் பின்னால் உள்ள தண்டு, பொத்தான் வரிசை, சில கார்களில் தொடுதிரை என்று மீதி. தொடுதிரை வகை என்றால் திரை உறைந்துபோனால் நியூட்ரல் போட மாற்று வழி என்ன என்று கையேட்டில் பார்த்து வையுங்கள்.

தவறுதலாக 'பி' (பார்க்) அழுத்திவிட்டால் ஓடும் வேகத்தில் பெரும்பாலான கார்கள் ஏற்காது. பீப் சத்தத்தோடு மறுக்கும்.

நியூட்ரல் விழவே இல்லை என்றால் இரண்டு வழி மிச்சம். மின் ஹேண்ட் பிரேக் சுவிட்சை இழுத்து, விடாமல் பிடித்திருங்கள். பல கார்களில் இது அவசர பிரேக்காக மாறி, பிடித்திருக்கும்வரை வண்டியைக் கட்டுப்பாட்டோடு நிறுத்தும். கையால் இழுக்கும் பழைய லீவராக இருந்தால் வேறு கதை: பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். அடுத்தது பவர் பொத்தான். ஓடும்போது ஒருமுறை தட்டினால் ஒன்றும் ஆகாது. பல கார்களில் 2, 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது வேகமாகப் பலமுறை தட்ட வேண்டும். அணைந்ததும் ஸ்டீயரிங் கனமாகிவிடும், பிரேக் உதவியும் குறையும். ஆகவே இது கடைசி வழிதான். பவர் பொத்தானே இல்லாத மாடல்களும் உண்டு. சாவி திருகும் காராக இருந்தால் ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்புங்கள். லாக் வரை போனால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

ஆளில்லாத மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டியபடி நியூட்ரல் போடுவதை நான்கைந்து முறை பழகுங்கள். பார்க்காமல் கை போக வேண்டும்.

பார்க்கிங்கில் பாய்ந்தால்

குறைந்த வேகத்தில் நியூட்ரலுக்கெல்லாம் நேரமில்லை. இரண்டு விநாடியில் சுவர் வந்துவிடும். இங்கே உதவுவது பிரேக் மட்டும். ஆனால் ஒரு சங்கடமான உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும்: பார்க்கிங்கில் 'தானாகப் பாய்ந்த' கார்களில் பெரும்பகுதியில் பெடல் சிக்கியிருக்கவில்லை; பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தார்கள். டெஸ்லா கார்கள் பற்றி வந்த 246 புகார்களை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஜனவரியில் வந்து சேர்ந்த முடிவும் அதுவே. மிதித்தவர் பொய் சொல்வதில்லை. கால் எங்கே இருக்கிறது என்று மூளை நம்புகிறதோ அதைத்தான் அவர் சொல்கிறார்.

ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பை முறுக்கிப் பின்னால் பார்க்கிறோம். இடுப்பு திரும்பும்போது வலது கால் தானாக வலப்பக்கம் நகர்ந்துவிடலாம். ஒற்றைப் பெடலில் (கால் எடுத்தாலே ரீஜென் வேகத்தைக் குறைப்பதால் பிரேக்கைத் தொடாமல்) ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து: நாள் முழுக்க ஆக்சிலரேட்டர்மேலேயே கிடக்கும் கால், அவசரத்தில் பிரேக்குக்கு இடம் மாறாமல் இருந்த இடத்திலேயே அழுத்திவிடும். அதனால் ஒரு விதி. 'பிரேக்கை' மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் வேகமாகப் போகிறது என்றால், அது பிரேக் இல்லை. காலை முழுசாகத் தூக்கி, இடப்பக்கம் கொண்டுபோய், மறுபடி மிதியுங்கள்.

உண்மையிலேயே பெடல்தானா?

மின்சார காரில் எஞ்சின் சத்தம் இல்லாததால் பெடல் சிக்கியது காதுக்குத் தெரியாது. முதல் அறிகுறி வேறு: கால் எடுத்ததும் வழக்கமாக முதுகிலிருந்து யாரோ இழுப்பதுபோல் வரும் ரீஜென் பிடிப்பு வரவில்லை. கொஞ்சமாக அழுந்திய நிலையில் சிக்கியிருந்தால் வேகம்கூடக் கூடாது, குறைய மறுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தாலும், கடும் குளிரில் இருந்தாலும் ரீஜென் குறையும் அல்லது வராது. வித்தியாசம் காட்டுவது டேஷ்போர்டில் உள்ள பவர் மீட்டர். கால் எடுத்த நிலையில் அது பூஜ்யத்தில் நின்றால் ரீஜென் மட்டும் இல்லை, பெடல் சரி. பவர் பக்கமே நின்றால் மோட்டாருக்கு எங்கிருந்தோ கட்டளை போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 'எங்கிருந்தோ', கால் வைக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலாகவும் இருக்கலாம். முன்னால் போன வண்டி விலகியதும் அடாப்டிவ் குரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் வகை) தானாக வேகம் பிடிப்பதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் குரூஸ் ரத்தாகும். மிதித்து விட்ட பிறகு இழுப்பு நின்றுவிட்டால் குரூஸ். மறுபடி இழுத்தால் பெடல்.

நின்ற பிறகு தேடுவது

மறுபடி ஸ்டார்ட் செய்து 'இப்போ சரியா இருக்கே' என்று ஓட்டிப் போகாதீர்கள். பவர் ஆஃப், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. எதையும் நகர்த்துவதற்கு முன் பெடல் பகுதியை டார்ச் அடித்து மூன்று நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள். மேட்டை இழுத்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

பெரும்பாலும் காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். கிளிப்பில் மாட்டாமல் முன்னால் நகர்ந்த மேட், கம்பெனி மேட்டின்மேல் போட்ட இன்னொரு மேட், ஓரம் உயர்த்திய தட்டு போன்ற தடித்த மேட். அடுத்து, உருண்டு வந்த பாட்டில், சார்ஜிங் அடாப்டர், கழன்ற ஷூ லேஸ். பெடலுக்கு அழகுக்காக ஒட்டிய உலோக உறைகள் தனி வகை. பசை விட்டால் நழுவிப்போய் எதிலாவது செருகிக்கொள்ளும். இது கடைச் சரக்குக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 2024 ஏப்ரலில் டெஸ்லா 3,878 சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்ததும் இதற்காகவே: தொழிற்சாலையில் பெடல் உறையை எளிதாக மாட்டுவதற்குச் சோப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள், அது மிச்சமிருந்ததால் உறை வழுக்கி மேலேறி, மேலே உள்ள உட்புறப் பலகையில் மாட்டிக்கொண்டு பெடலை அழுத்தியபடியே பிடித்தது. தீர்வு, உறையை ரிவெட் அடித்து நிறுத்துவது.

கண்ணில் எதுவும் படவில்லையா? கையால் சோதியுங்கள். பவர் ஆஃப் நிலையில், மேட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அதுதான் மோசமான நிலை. பெடலைத் தரைவரை அழுத்துங்கள். முழு அழுத்தத்திலும் மேட்டின் விளிம்புக்கும் பெடலுக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சட்டென்று விட்டால் உடனே மேலே வர வேண்டும்; ஒரு விநாடிக்குமேல் எடுத்தால் கோளாறு. பிறகு மெதுவாக, விரல் நுனியால் பிடித்தபடியே விட்டுப் பாருங்கள். கால் பாகம், அரை, முக்கால் என ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி விடுங்கள். எங்காவது தயங்கினால், நரநரவென்று மணல் அரைபட்டால், விரலை எடுத்த பிறகும் அங்கேயே நின்றால், கோளாறு பெடலுக்குள்.

உள்ளே என்ன இருக்கிறது

இந்தப் பெடலுக்கும் மோட்டாருக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடல் ஒரு கோரிக்கை மனு மாதிரி, அவ்வளவுதான். உள்ளே இரண்டு ஸ்பிரிங், ஒன்று உடைந்தாலும் மற்றது திருப்பி இழுக்கும். வேண்டுமென்றே வைத்த ஓர் உராய்வுப் பகுதி, காலுக்கு ஒரு பிடிமானம் கிடைக்க. இரண்டு தனித்தனி சென்சார். பல கார்களில் இரண்டாவது சென்சாரின் வோல்டேஜ் முதலாவதில் சரிபாதி. ஒன்று 3 வோல்ட் என்றால் மற்றது 1.5. இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி பெடலை நம்பாது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டியை ஊர்ந்து செல்லும் அளவுக்குக் குறைத்துவிடும். ஆகவே சென்சார் கெட்டால் வரும் தொல்லை பெரும்பாலும் 'வண்டி போகவில்லை' என்பதுதான், 'நிற்கவில்லை' என்பது அல்ல. காரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி2138 வந்தால் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை. பி2122, பி2123, பி2127, பி2128 வந்தால் ஏதோ ஒரு சென்சாரின் வோல்டேஜ் அளவுக்கு மீறிக் குறைந்தோ கூடியோ இருக்கிறது.

உண்மையில் சிக்குவது அந்த உராய்வுப் பகுதிதான். 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இதுவே: தேய்மானத்தாலும் ஈரத்தாலும் உராய்வு கூடி, பெடல் மேலே வரச் சுணங்கியது. மின்னணுப் பகுதியில் ஏதாவது இருக்குமோ என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாசா பொறியாளர்களைக் கொண்டு ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் வெளியிட்ட முடிவில் மின்னணுக் குற்றம் எதுவும் சிக்கவில்லை. மேட், சிக்கிய பெடல், மாற்றி மிதித்த பெடல்: இவைதான் மிஞ்சின.

தரையிலிருந்து எழும் வகைப் பெடலில் கீல் அடியில் இருப்பதால் மண்ணும் சிந்திய இனிப்புப் பானமும் நேராக அங்கேதான் போய்ச் சேரும். வாக்வம் குழாயால் உறிஞ்சி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. துரு நீக்கி ஸ்பிரேயோ கிரீஸோ அடிக்கவே அடிக்காதீர்கள். இரண்டு நாளைக்கு வெண்ணெய் மாதிரி போகும். பிறகு தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாக ஒட்டும், உள்ளே போனால் உராய்வுப் பகுதியைக் கெடுக்கும், பக்கத்தில் பிரேக் பெடல்மேல் பட்டால் கால் வழுக்கும்.

சுத்தம் செய்தும் தயங்கினால் பெடல் அமைப்பை முழுசாக மாற்ற வேண்டும். பிரித்துச் சரிசெய்யும் பொருள் அல்ல அது. சென்சார் அளவு தொழிற்சாலையில் நிர்ணயித்தது. உத்தரவாதம் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே மாற்றுவதானால் சார்ஜிங் கேபிளைக் கழற்றி, பவரை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். பானட் மின்சாரத்தில் திறக்கும் காராக இருந்தால் முதலில் அதைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரியை மறுபடி இணைக்க வழியில்லாமல் நிற்பீர்கள். பெடல் வேலை செய்வது 5 வோல்ட்டில். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவற்றைத் தொடவும் வேண்டாம். கனெக்டரின் பூட்டை விடுவித்து உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று நட்டுதான். இறுக்கும் அளவு கையேட்டில் உள்ளபடி.

மாட்டியதும் ஸ்கேனரில் இரண்டு சென்சாரின் நேரடி அளவையும் பாருங்கள். மெதுவாக அழுத்தும்போது இரண்டும் தாவாமல் சேர்ந்தே ஏற வேண்டும், விட்டதும் தொடங்கிய அளவுக்கே திரும்ப வேண்டும். இதைப் பத்துமுறை செய்த பிறகுதான் நடக்கும் வேகத்தில் ஒரு சோதனை ஓட்டம்.

சர்வீஸ் மையத்துக்கு அனுப்புவதானால் இழுவை வண்டியில் அனுப்புங்கள். மோதல் நடந்திருந்தால் பல கார்களில் நிகழ்வுப் பதிவுக் கருவி அதற்கு முந்தைய 5 விநாடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர் சதவீதம், பிரேக் மிதிபட்டதா என்பதைச் சேமித்திருக்கும். ஏர்பேக் விரியாத சிறு மோதல் என்றால் அடுத்த நிகழ்வு அதை அழித்து எழுதிவிடலாம், ஆகவே வண்டியை ஓட்டுவதற்கு முன்பே அதை எடுத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மோதாமல் நிறுத்திவிட்டீர்கள் என்றால் அந்தக் கருவியில் பெரும்பாலும் எதுவும் பதிவாகியிருக்காது. அப்போது கையில் இருப்பது நீங்கள் எடுத்த போட்டோவும், நேரம், வேகம், பேட்டரி சதவீதம், குரூஸ் போட்டிருந்தீர்களா என்று அன்றைக்கே எழுதி வைத்த குறிப்பும் மட்டும்தான்.